உண்டது உடம்பில் ஒட்ட வேண்டும்: அன்றாடச் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019–21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கொல்லைப்புறத்து முருங்கையும் தெருவில் காலையில் வந்து நிற்கும் கீரைக்கட்டும் கிடைக்கிற ஊர்களில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சோகையோடு நடமாடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மாதவிடாய் இழப்பு, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவங்கள் எனக் காரணங்கள் பல உண்டு; வறுமையும் உண்டு. ஆனால் வாங்கிச் சமைக்க வசதியுள்ள வீடுகளிலும், சமைக்கும் முறையாலும் சேர்த்து உண்ணும் பொருள்களாலும் உண்ணும் நேரத்தாலும் சத்துக்கள் உடம்பில் ஒட்டாமலே போகின்றன. அந்தத் தவறுகளைத் திருத்தக் கூடுதல் செலவு அநேகமாகத் தேவையில்லை என்பதால்தான் அவற்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

இரும்புச்சத்திலிருந்தே தொடங்கலாம். இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பின் ஒரு பகுதியை நம் குடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. அந்தச் சிறு பங்கையும் தடுப்பவை தேநீரிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள். காலைப் பலகாரத்தோடு காபி குடிப்பதும், மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவியவுடன் தேநீர் கேட்பதும் நமக்கு ஊறிப்போன பழக்கங்கள். உணவோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர், அந்த வேளை உணவிலிருந்து சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். ஆகவே உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுமாறு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்கிறது. காபியை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னால் கேட்பார்கள் என்றே நம்புகிறேன்.

இரும்பு சேரத் துணைசெய்வது வைட்டமின் சி. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, மாங்காய், பச்சைக் கொத்துமல்லி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதே வேளைச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். மாலையில் தனியாகக் கொய்யா தின்பதால் மதியம் உண்ட கீரைக்குப் பயனில்லை. இந்த வைட்டமின் வெப்பத்தில் அழிவதால், எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் கொதிக்க விடாமல், இறக்கிய பிறகு பிழிவதே முறை. கீரையை நறுக்கிய பிறகு அலசுவது இன்னொரு தவறு: வைட்டமின் சி-யும் பி குடும்பச் சத்துக்களும் நீரில் கரைபவை, வெட்டுப்பட்ட இடமெல்லாம் அவை வெளியேறும். முழுதாக அலசி, பிறகு நறுக்கி, வேகவைத்த நீரைக் கொட்டாமல் மசித்துவிட வேண்டும். எண்ணெய்க்குப் பயந்து கீரையை வெறுமனே அவித்து உண்பவர்கள், கீரையிலும் கேரட்டிலும் உள்ள வைட்டமின் ஏ-வுக்கான மூலச்சத்தைச் சரியாகப் பெறுவதில்லை; அது சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பது அதற்குப் போதும்.

அடுத்தது புரதம். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டால் புரதம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவதுதான் நம் வீடுகளில் நான் அடிக்கடி காணும் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, ஓர் ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால், ஆளுக்கு வருவது ஐந்தரை கிராம் அளவுதான். நாள் முழுவதும் உண்ணும் 250 கிராம் தானியத்திலிருந்து 20 கிராம் கிடைத்தாலும், மீதி இருபது கிராமுக்குத் தட்டில் ஒன்றும் இருப்பதில்லை. பொரியலாக வைத்தது உருளைக்கிழங்கு என்றால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் மாவுச்சத்தே வந்து சேர்கிறது.

இதற்குத் தீர்வு நம் சமையலிலேயே இருக்கிறது. பருப்புசிலி, கெட்டியான கூட்டு, அடை, பாசிப்பயறுச் சுண்டல் ஆகியவற்றைப் பண்டிகை நாளுக்கு ஒதுக்காமல் வாரத்தில் பல நாள் செய்யலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு; எனவே சோறும் பருப்பும் சேர்ந்தது நல்ல சேர்க்கைதான், பருப்பின் அளவைத்தான் கூட்ட வேண்டும். பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடாவைப் போடுவது பி1 வைட்டமினை அழிக்கும். ஊறவைத்து வேகவிட்டால் சோடா தேவையே இல்லை.

பி1 என்றதும் அரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான்: 1918-இல் பிரிட்டிஷ் மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன் அங்கே, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வகத்தைத் தொடங்கினார். தீட்டிய வெள்ளையரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை வாட்டிய அந்நோய்க்குக் காரணம் பி1 பற்றாக்குறை. நெல்லை ஊறவைத்து அவித்துக் குத்தும் புழுங்கலரிசியில், மேலுறையில் உள்ள பி சத்துக்களில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் அது எஞ்சுகிறது. பளபளப்புக்காகப் புழுங்கலை விட்டுப் பச்சரிசிக்கு மாறுவதும், தண்ணீர் தெளியும் வரை ஐந்தாறு முறை களைவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அந்தச் சத்தை நாமே வெளியேற்றும் வழிகள். வடித்த சோற்றில் சர்க்கரை இருக்காது என்று நீரிழிவு உள்ளவர்கள் நம்புகிறார்கள். மாவுச்சத்தில் பெரும்பகுதி பருக்கையிலேயே தங்கியிருப்பதால், அவர்கள் கவனிக்க வேண்டியது சோற்றின் அளவை.

சிறுதானியத்துக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் சாமையும் தினையும் பெருமளவு மாவுச்சத்தே என்பதால் அளவின்றி உண்ணக்கூடாது. கேழ்வரகை இரும்புக்காகக் கொடுப்பதும் ஒரு மயக்கம். அதன் பெருமை 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கும் மேல் உள்ள கால்சியம்; இரும்பு கம்பில்தான் கூடுதல்.

சைவ உணவினர் மறக்கக்கூடாதது பி12 வைட்டமின். அது இயல்பாகக் கிடைப்பது விலங்குவழி உணவுகளில்தான். பால், தயிர் ஆகியவற்றையும் விட்டவர்கள் பழையசோற்றையோ கீரையையோ அதற்காக நம்பியிருக்க முடியாது, மருத்துவரின் அறிவுரைப்படி மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்கையானது என்று, அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டும் பயன்படுத்துவோருக்கு, நாளொன்றுக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்காமல் போகலாம். கருவுற்ற பெண்கள் உள்ள வீட்டில் இந்தத் தவறைச் செய்யவே கூடாது.

கருவுற்ற பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்தே தருகிறார்கள். மறந்துவிடுமே என்று இரண்டையும் ஒரே வாயில் போட்டு, மேலே ஒரு குவளைப் பாலும் குடித்துவிடுபவர்கள் உண்டு. கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரையைப் பாலோடும் தேநீரோடும் விழுங்காமல், தண்ணீரோடு அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.