அம்மம்மாட குடிவழிய இணையத்தில தேடுறவங்க ஆதாரத்த எப்பிடிச் சேத்து வைக்கிற

மட்டக்களப்பில ஒரு புது ஆளப் பாத்தா ஊருக்கு அடுத்ததா கேக்கிற கேள்வி நீங்க என்ன குடி எண்டதுதான். அது தாய்வழியா வாற வம்சப் பிரிவு, கோயில்ல ஆரு வண்ணக்கர் (கோயில் நிர்வாகி), எந்தத் திருவிழா ஆருக்கு எண்டது வரைக்கும் அதில நிக்குது. எங்கட அம்மம்மா அஞ்சு தலைமுறைய மூச்சு விடாமச் சொல்லுவா, ஆனா கடதாசியக் கேட்டா வீட்டில ஒண்டும் இல்ல, 1978 சூறாவளில கொஞ்சம் போச்சு, இடம்பெயரக்குள்ள கொஞ்சம் போச்சு, மிஞ்சினத 2004 கடல் எடுத்திட்டு. அதால இணையத்தில ஒரு துண்டு கிடைச்சாலும் எங்க கண்டம், எத்தினயாம் பக்கம், எண்டைக்குப் பாத்தம் எண்டதோட சேத்து வைக்கோணும். நான் முதல் அப்பிடிச் செய்யல்ல. ஒரு கும்பாபிசேக மலர்ல அம்மப்பாட பேரக் கண்டு சந்தோசத்தில பக்கத்த மூடிட்டன், மறுகா அதக் கண்டுபிடிக்க மூணு இரவு போச்சு.

இதுக்கு லப்டொப் வேணும், போன்ல இருக்கிற க்ரோம் எக்ஸ்டென்சன் (பிரவுசரோட சேக்கிற சின்ன மென்பொருள்) ஏத்தாது. நான் பாவிக்கிறது மூண்டு, சொட்டேரோ கனெக்டர், வேபேக் மெசின், விக்கிட்ரீ சோர்சர், மூண்டும் இலவசம். பிரவுசர்ட சொந்த ஸ்டோர்ல இருந்து மட்டும் இறக்குங்க. எக்ஸ்டென்சனுக்கு நீங்க திறக்கிற பக்கத்த வாசிக்கிற அனுமதி போகுது, அதால க்ரோம் செட்டிங்ல போய் நான் கிளிக் பண்ணினா மட்டும் எண்டு மாத்தி வைக்கலாம், பேங்க் வேலையும் அதே பிரவுசர்ல செய்யிறவங்க கட்டாயம் மாத்துங்க.

முக்கியமானது, ஆதாரங்களச் சேத்து ஒழுங்கா வைக்கிற சொட்டேரோதான். கொம்பியூட்டர்ல சொட்டேரோ மென்பொருளப் போட்டு அதத் திறந்து வச்சிட்டு பிரவுசர்ல கனெக்டர அழுத்தினா அந்தப் பக்கம் உள்ளுக்குப் போயிரும், பாத்த திகதிய அதுவே எழுதும். நூலகம் தளத்தில 2005ல இருந்து எங்கட ஆக்கள்ர புத்தகம், பாடசாலை மலர், நினைவு மலர் எல்லாம் ஏத்துறாங்க, எங்களுக்குப் பெரிய புதையல் அதுதான். ஆனா அங்க கனெக்டர அழுத்தி வெறும் வெப்பேஜ் எண்டு விழுந்தா அப்பிடியே விட்டிராதீங்க. வலப்பக்கம் ஐட்டம் டைப்ப புத்தகம் எண்டு மாத்தி, மலர்ர பேர், வெளியிட்ட ஆக்கள், ஆண்டு எல்லாத்தையும் போட்டு, அந்தத் தளம் குடுத்திருக்கிற நூலக எண்ண ஆவணக் காப்பகத்துக்கெண்டு இருக்கிற கட்டத்தில எழுதுங்க. லிங்க் மாறினாலும் அந்த எண்ண வச்சுத் திரும்பத் தேடலாம். கீழ ஒரு நோட் திறந்து பேர் இருக்கிற பக்க எண்ணையும் அந்த வரிய எழுத்துப் பிசகாமலும் எழுதுங்க, ஏனெண்டா ஸ்கேன் பண்ணின பழைய பிடிஎஃப் கனதில தமிழ்ல தேடினா ஒண்டும் வராது, கண்ணாலதான் வாசிக்கோணும், ரெண்டாம் தரம் அந்த வேலைய ஆரு பாக்கிற?

இடப்பேரிலயும் கவனம் வேணும். அம்பாறை மாவட்டம் 1961ல தான் மட்டக்களப்பில இருந்து பிரிஞ்சது, அதுக்கு முன்னம் திருக்கோவில்ல பிறந்த ஆள்ர பதிவில மட்டக்களப்பு எண்டுதான் இருக்கும். பதிவில இருக்கிற மாதிரியே எழுதிப்போட்டு இப்பத்த பேர நோட்ல போடுங்க. நாடும் 1972 வரைக்கும் சிலோன்தான், ஆங்கிலத்தில தேடக்குள்ள ரெண்டு பேரையும் போட்டுப் பாருங்க.

மரண அறிவித்தல்ல பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் எல்லாம் வரிசையா வரும், ஒரு பக்கத்தில பாதிக் குடும்ப மரம் கிடைச்சிரும். ஆனா கொஞ்ச நாள்ல அந்தப் பக்கம் காணாமலும் போகும். வேபேக் மெசின் எக்ஸ்டென்சன்ல சேவ் பேஜ் நவ் எண்டத அழுத்தினா அந்தப் பக்கத்திட ஒரு பிரதி இன்டர்நெட் ஆர்கைவ்ல நிக்கும், அந்த லிங்க்கையும் சொட்டேரோல போடலாம். ஆனா அது உலகத்துக்கே தெரியிற பிரதி. அறிவித்தல்ல உயிரோட இருக்கிற ஆக்கள்ர போன் நம்பர், விலாசம் இருந்தா அங்க அனுப்பாதீங்க, கனெக்டர ரைட் கிளிக் பண்ணி ஸ்னாப்சொட்டோட (பக்கத்திட பிரதியோட) சேவ் பண்ணினா, சொட்டேரோல சிங்க் போடாத வரைக்கும் உங்கட லப்டொப்பில மட்டும் நிக்கும். இதில நான் கண்டிப்பா இருக்கன்.

பழைய குடும்பப் பதிவுகளத் தேடுற ஃபமிலிசேர்ச் தளத்தில அக்கவுண்ட் திறந்தா டச்சு சீர்திருத்த சபைப் பதிவேடுகள் மாதிரி சிலது இருக்கு, பறங்கிக் குடும்பங்களுக்கு அது உதவும். கடைசிப் பேர்க் கட்டத்தில எங்கட ஆக்களெண்டா தகப்பன்ட பேரப் போடுங்க, ஒண்டும் வராட்டி ரெண்டு கட்டத்தையும் மாத்திப் போடுங்க. கணபதிப்பிள்ளை எண்டத கே எழுத்திலயும் சி எழுத்திலயும் தேடோணும், போடி எண்ட பட்டமும் நாலு விதமா எழுதுப்பட்டிருக்கும். பதிவு கிடைச்சா சோர்சர் ஐக்கன அழுத்தி சைட்டேசன் (ஆதாரக் குறிப்பு) செய்யச் சொன்னா கொப்பி ஆகி வரும், விக்கிட்ரீ எண்ட குடும்ப மரத் தளத்தில அப்பிடியே ஒட்டலாம், வேற இடத்தில ஒட்டிறெண்டா முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கிற ref எண்ட கோட் எழுத்துகள அழிச்சிப்போடுங்க. சுட்டியில (இன்டெக்ஸ்ல) மட்டும் பாத்ததா, மூலப் பக்கத்துப் படத்தையும் பாத்ததா எண்டு நோட்ல உண்மைய எழுதுங்க, தமிழ்ப் பேர வாசிச்சு ஏத்தினவங்க கன இடத்தில பிழையா ஏத்தியிருக்காங்க.

மறுகா அம்மம்மா சொன்னதும் ஆதாரம்தான். சொட்டேரோல இன்டர்வியூ எண்டே ஒரு ஐட்டம் டைப் இருக்கு, அவட பேர், கேட்ட திகதி போட்டு, கேட்ட இடத்த நோட்ல எழுதி ஓடியோவ அதோடயே இணைச்சிருங்க. குடும்ப மர மென்பொருள்ல குடிக்கெண்டு கட்டம் இல்லாட்டி குடிப்பேர தாய்ர பக்கத்தில நோட்டா எழுதி இந்த ஓடியோவக் காட்டுங்க. ஓடியோல எத்தினயாம் நிமிசத்தில சொல்லுறா எண்டதையும் எழுதுங்க, நான் 14ம் நிமிசம் எண்டு எழுதி வச்சபடியாத்தான் போன மாசம் அம்மம்மாட தங்கச்சிர பேரில வந்த சந்தேகத்த உடன தீக்க ஏலுமா இருந்திச்சு.