தருமபுரிக்கு வந்து பட்டுச்சேலை எடுப்போர் கவனத்திற்கு

கல்யாணத்திற்காகத் தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ வரும் வெளிநாட்டுத் தமிழர்கள், ஜவுளிக் கடைக்குள் நுழைவதற்கு முன் தருமபுரியிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடியை ஒரு நாள் காலையில் பார்த்துவிடுவது நல்லது. இம்மாவட்டங்களின் உழவர்கள் மல்பெரி பயிரிட்டு, புழு வளர்த்து, கூடுகளை ஏலத்திற்குக் கொண்டுவரும் இடம் அது. நல்ல வெண்கூடு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளத்திற்கு அறுபடாத ஒற்றை இழை கிடைக்கிறது. அதன் எடையில் சுமார் கால் பங்கு பசை. சோப்புக் கரைசலில் வேகவைத்து அதைப் போக்கிய பிறகே நாம் அறிந்த மென்மையும் பளபளப்பும் பட்டுக்கு வருகின்றன.

கடையில் பட்டைச் சோதிக்க நூலைக் கொளுத்திக் காட்டுவார்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை எழும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ரேயான் காகிதம் போல் எரியும். ஆனால் முந்தானை ஓரத்தில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாவில் பட்டும், குறுக்கே ஓடும் ஊடையில் செயற்கை நூலும் கலந்த சேலை இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். ஆகவே, “ஊடையிலும் ஒரு இழை உருவிக் காட்டுங்கண்ணா” என்று தயங்காமல் கேளுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்கு மட்டுமே உறுதி தரும். கைத்தறியா என்பதற்கோ ஜரிகையின் தரத்திற்கோ அது சான்றாகாது. அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியிருக்கும். விலை குறைந்தவற்றில் செம்போ பாலியஸ்டர் படலமோ இருக்கும். எது எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் சேலையை எடுத்துவிடுங்கள், ஏனெனில் முகூர்த்த மாதங்களில் ரவிக்கை தைக்கும் தையல்காரர்களிடம் துணி குவிந்துகிடக்கும். லைனிங் துணியையும் ஃபால்ஸையும் தைப்பதற்கு முன்பே தண்ணீரில் நனைத்து உலர்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அவை சுருங்கிப் பட்டை இழுத்துச் சுருக்கம் விழவைக்கும். அளவு ரவிக்கையைக் கையோடு கொண்டுவருவதும், உள்ளே இருபுறமும் ஓர் அங்குலம் துணி விடச் சொல்வதும் அவசியம். பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் மறையாமல் தெரியும் என்பதால், முதலில் லைனிங்கை மட்டும் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் பட்டை வெட்டச் சொல்வதே என் பரிந்துரை. முதுகுப் பக்கம் ஆரி வேலைப்பாடு வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பல நாட்கள் ஆகும். குறுகிய விடுப்பில் வருகிறவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

திரும்பும்போது பெட்டியில் சேலையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகைமேல் வாசனைத் திரவியமும் அந்துருண்டையும் பட வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் மடிப்போரத்தில் இழை அறாது.