இயக்குநர் பதிப்பா, திரையரங்குப் பதிப்பா: வட்டு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒரு படம் முதலில் அரங்குகளில் வெளியான வடிவமே திரையரங்குப் பதிப்பு; காட்சிகளைச் சேர்த்தும் நீக்கியும் இயக்குநரின் பெயரால் வெளியிடும் வடிவம் இயக்குநர் பதிப்பு. டிவிடி, புளூ-ரே போன்ற வட்டை வாங்கும்போது, முதலில் உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ஓடும் நேரத்தை ஒப்பிடுங்கள். ஆனால் நீளமானதே இயக்குநருடையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ஏனெனில் 1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்துக்கு அதன் இயக்குநர் ரிட்லி ஸ்காட் 2003இல் தந்த இயக்குநர் பதிப்பு, புதிய காட்சிகள் சேர்ந்தும், பழையதைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைவாகவே ஓடுகிறது. 'நீட்டிக்கப்பட்டது' என்ற அடைமொழி பெரும்பாலும் விற்பனைக்கானதே.

பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம்: ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' (1982) படத்தின் 1992ஆம் ஆண்டு இயக்குநர் பதிப்பில் நாயகனின் பின்னணிக் குரலும் மகிழ்ச்சியான முடிவும் நீக்கப்பட்டன என்றாலும், அவர் முழுக் கட்டுப்பாட்டோடு உருவாக்கியது 2007ஆம் ஆண்டின் இறுதிப் பதிப்புதான். இவ்வாறு கதையின் பொருளே மாறும் படங்களுக்கு, எல்லாப் பதிப்புகளும் அடங்கிய தொகுப்பை வாங்குவதே மேல். ஒரே வட்டில் இரண்டும் இருந்தால், படத்தை ஓடவிடுமுன் முகப்புப் பட்டியலில் உரிய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.