வேலைக்குப் போய்க்கொண்டே 16 பார் எழுதுவது எப்படி

நான் சென்னை ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் பிழை திருத்துகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஏழரை வரை மணமகன் பெயர், மணமகள் பெயர், தாய்மாமன் பெயர், முகூர்த்த நேரம். மீதி நேரமெல்லாம் ராப். 'மீதி நேரம்' என்பதும் சரியில்லை, மணமகள் பெயரைப் படிக்கும்போதே அதற்கு எதுகை தேடிக்கொண்டுதான் இருப்பேன். எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடம் கேட்கும் பெண்கள் பெரும்பாலும் எந்த மைக் வாங்குவது என்றுதான் தொடங்குகிறார்கள். எதுவும் வாங்க வேண்டாம். கோடு போட்ட நோட்டு, கையில் இருக்கும் போன், ஒரு ஹெட்போன். ஆறு மாதத்துக்கு இது போதும்.

முதலில் எண்ணப் பழகுங்கள். ராப்பில் ஒரு வரிக்குரிய இடத்தைப் பார் என்பார்கள். ஒரு பாருக்கு நான்கு தட்டு. ஒன்றாம் தட்டில் கிக் என்கிற கனத்த சத்தம் விழும், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் என்கிற வெடிப்பான சத்தம். பல்லவி போக ஒருவர் தொடர்ந்து பாடும் பகுதி வெர்ஸ், ஒரு வெர்ஸ் என்றால் வழக்கமாக 16 பார். பாடும்போது பின்னால் ஓடும் தாள இசைதான் பீட். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் ஒரு பார் 2.67 வினாடி, பதினாறும் சேர்ந்து 43 வினாடிக்குள் முடிந்துவிடும். இவ்வளவுதானா என்று தோன்றும். நின்று பாடிப் பாருங்கள், தெரியும்.

எனக்கு இந்தக் கணக்கு கடையின் பின்கட்டில்தான் பிடிபட்டது. அங்கே அட்டையை வடிவமாக வெட்டும் டை கட்டிங் மெஷின் ஒன்று இருக்கிறது. அட்டையை உள்ளே வைத்துக் கையை எடுத்தால் வாயை மூடித் திறக்கும்: தொம். மறுபடி அட்டை, மறுபடி தொம். ஒருநாள் மதியம் போனில் நேரம் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 22, சில நேரம் 23. நான்கால் பெருக்கினால் 90க்குப் பக்கம். அதாவது ஒவ்வொரு தொம்மும் ஒரு பாரின் முதல் தட்டு. நடுவில் வரும் மூன்று தட்டையும் நான் என் விரலில் போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் பீட் எதுவும் கேட்காமல் அந்த மெஷினோடு மட்டும் எண்ணினேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும்: தையல் மிஷின், கிரைண்டர், மாவு மில். சீராக ஓடுகிற ஏதாவது ஒன்றைப் பிடித்து, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணிக்கொண்டே அடுத்தவரோடு பேசப் பழகுங்கள். பேச்சு நின்றாலும் எண்ணிக்கை நிற்கக் கூடாது. (மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருநாள், "பாப்பா, இங்கே நின்று தலையாட்டாதே, நான் உன்னைப் பார்த்தால் என் கை போய்விடும்" என்றார். அதற்குப் பிறகு என் நாற்காலியிலிருந்தே எண்ணுகிறேன்.)

அடுத்தது நேரம். தனியாக நேரம் ஒதுக்கலாம் என்று காத்திருந்தால் எந்தக் காலத்திலும் வராது, குறிப்பாக நமக்கு. 1984இல் நியூயார்க்கின் குயீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் ராக்ஸேன் ஷான்டே என்கிற 14 வயதுப் பெண், துணி துவைக்கக் கொண்டுபோகும் வழியில், பக்கத்தில் குடியிருந்த டீஜே கூப்பிட்டதால் உள்ளே போய்ப் பாடிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். பெரிய பெரிய ராப் சண்டைகளுக்குத் தொடக்கமாக இருந்த பதிவுகளில் அது ஒன்று. அழுக்குத் துணி மூட்டையோடு அதைச் செய்ய முடிந்திருக்கிறது. நான் எழுதுவது கொருக்குப்பேட்டைக்கும் கடற்கரை நிலையத்துக்கும் நடுவில். பெண்கள் பெட்டியில் கதவோரம் வேண்டாம், உள்ளே தள்ளி நின்றுகொள்ளுங்கள். உதடு மட்டும் அசையட்டும். அப்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது பூக்கூடையோடு நின்ற ஒரு பாட்டி, நான் ஏதோ தோத்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, "என் மகளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள் அம்மா" என்றார். மறுக்க மனம் வரவில்லை. அந்த மகளுக்கு இரண்டு வரி இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

எதைப் பற்றி எழுதுவது? என் முதல் வெர்ஸில் துப்பாக்கி இருந்தது, தெருச்சண்டை இருந்தது, நான் ஏறியே பார்க்காத கார் இருந்தது. பாடி முடித்ததும் ஒரு தோழி, "இதெல்லாம் எந்த ஊரில் நடந்தது?" என்று கேட்டாள். அன்று இரவே கிழித்துப் போட்டேன். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: அன்று கையால் தொட்ட ஒரு பொருளாவது வெர்ஸில் வர வேண்டும். மஞ்சள் தடவிய உறை, தப்பாக அச்சான 'சுபமுகூர்த்தம்', பசை காய்ந்த விரல். துப்பாக்கி தானாகவே வெளியே போய்விடும்.

இனி எதுகை விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். இங்கிலீஷ் ராப் கேட்டு வளர்ந்ததால், வரிக் கடைசியில் ஓசை ஒத்துப்போக வேண்டும் என்று மட்டும் மனதில் பதிந்திருக்கும். தமிழில் அது மிக மலிவு. நம் வாக்கியம் வினைச்சொல்லில்தான் முடியும். வினை எல்லாம் ஒரே மாதிரி முடியும். பாருங்கள்:

காலையில் எழுந்து ரயிலைப் பிடிக்கிறேன்
கடையில் அமர்ந்து எழுத்தைப் படிக்கிறேன்

இப்படியே நடக்கிறேன், குடிக்கிறேன், துடிக்கிறேன் என்று நானூறு வரி போகலாம். இது எழுதியதாகாது, இலக்கணம் தானாகச் செய்து கொடுத்தது. கேட்கிறவருக்கு மூன்றாவது வரியிலேயே அடுத்த சொல் தெரிந்துவிடும்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, வினையை வரியின் நடுவுக்குத் தள்ளுங்கள் அல்லது விட்டேவிடுங்கள். கடைசியில் பெயர்ச்சொல் உட்காரட்டும். இரண்டு, பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த எதுகையை வெளியே எடுங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதலெழுத்து குறிலென்றால் எல்லா வரியிலும் குறில், நெடிலென்றால் நெடில். வரியின் முதல் சொல் விழும் இடம் கிக். எதுகை கிக்கில் விழுந்தால், கடைசி ஓசை நான்காம் தட்டு ஸ்நேரில் விழுந்தால், வரி இரண்டு முனையிலும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். என் நோட்டிலிருந்து நான்கு வரி:

அச்சுப் பிழை பார்க்கிறேன் அடுத்த வீட்டுக் கல்யாணம்
பச்சை மஞ்சள் சிவப்பட்டை, பத்தாயிரம் விலாசம்
மிச்சக் காகிதம் மட்டும் என் கைக்கு வரும் சம்மானம்
உச்சி வெயில் மொட்டைமாடி, அதில்தான் என் அத்தியாயம்

அச்சு, பச்சை, மிச்சம், உச்சி: நான்கும் குறில், நான்கிலும் 'ச்'. ஒவ்வொன்றையும் கிக்கோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அந்த இரட்டைச் 'ச்' தானே ஒரு தாள வாத்தியம். கடைசியில் கல்யாணம், விலாசம், சம்மானம், அத்தியாயம் அச்சாக ஒன்றவில்லை; உயிரோசை மட்டும் ஒத்துப்போகிறது. அது போதும், முழுக்க ஒத்துப்போனால் விளம்பரப் பாட்டு ஆகிவிடும். இன்னொன்றையும் சரிபாருங்கள். புள்ளி வைத்த எழுத்தைத் தள்ளிவிட்டு மற்றதை எண்ணினால் முதல் மூன்று வரிக்கும் 15, நான்காவதுக்கு 16. அந்த ஒரு எழுத்துக்கு இடம் வேண்டும் என்பதால், கடைசி வரியில் 'அதில்தான்' என்பதைக் கொஞ்சம் நெருக்கிச் சொல்வேன். நிதானமான பீட்டுக்கு 10, 12 எழுத்து போதும். 16ஐத் தாண்டினால் வேகமாகப் பாடுவதற்காக மட்டுமே பாடுவது போல் ஆகும்.

சொல் வராத நாளில் சொல்லைத் தேடாதீர்கள். பீட்டைப் போட்டுக்கொண்டு தத்தகாரம் போடுங்கள்: தத்தத் தனனா தானன தானா. ஓட்டம் சரியாக அமைந்த பிறகு அந்த அளவுக்குச் சொல் தைக்கலாம். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் இந்தச் சந்தக் கணக்கைக் கொண்டுபோன உயரத்துக்குப் பக்கத்தில் வேகமாகப் பாடும் எந்த ராப்பரும் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எழுதியதும் மூச்சுக்கு இடம் குறியுங்கள். நான் இதைச் செய்யாமல் முதல் சைஃபருக்குப் போனேன். சைஃபர் என்றால் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவது. எங்கள் கூட்டம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மெரினாவில் கூடும்; ஏழெட்டுப் பேர், பெண்கள் இரண்டு பேர். நான் ஐந்து பார் அருமையாகப் போனேன். ஆறாவது பாரின் நடுவில் மூச்சே இல்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, பீட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால், ஆறு வரியிலும் ஒரு இடைவெளிகூட விடாமல் அடைத்திருக்கிறேன். இப்போது இரண்டு வரிக்கு ஒரு முறை, நான்காம் தட்டுக்குப் பின் அரைத் தட்டு காலியாக விட்டு அங்கே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்கிறேன். மாடிப்படி ஏறிக்கொண்டே பாடிப் பார்ப்பதும் நல்ல சோதனை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, ஒரு வெர்ஸுக்குச் சரியாக இருக்கிறது.

குரலைக் கனமாக்கி ஆண்பிள்ளை போலப் பாட வேண்டாம். எல்லாப் பெண்களும் முதலில் அதைச் செய்கிறோம், தொண்டை கட்டிக்கொள்வதுதான் மிச்சம். நீங்கள் பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கும்போது எந்தக் குரலில் பேசுவீர்களோ அதுதான் உங்கள் ராப் குரல். ழகரத்தையும் ளகரத்தையும் மெதுவான வேகத்தில் பழகிவிட்டுப் பிறகு வேகம் கூட்டுங்கள்.

மொட்டைமாடியில் பழகுவதென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நில்லுங்கள், சத்தம் கீழே இறங்காது. இறங்கினாலும் பரவாயில்லை. என் அம்மா முதல் வாரம், "யாரோடு சண்டை போடுகிறாய்?" என்று மேலே ஏறி வந்தாள். பிறகு, "ஏன் ஒரே துண்டே திரும்பத் திரும்ப வருகிறது, பாட்டு கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக அதை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பல் என்கிற பெண். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன், டீஜே கூல் ஹெர்க். பாட்டில் வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில வினாடிகளுக்குத்தான் கூட்டம் எழுந்து ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்று முடியுமுன் இன்னொன்றைத் தொடங்கி, அந்தச் சில வினாடியை நிமிடக்கணக்கில் நீட்டினார். அதுதான் இந்தத் திரும்பத் திரும்ப. ஹிப் ஹாப் பிறந்த கதை என்று அண்ணன் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பெண்ணுக்குத் துணி கிடைத்ததா?" என்றாள்.

சைஃபரில் பெண்கள் எதிர்பார்த்து நிற்கும் ஒன்று நடக்காது: யாரும் உங்களைக் கூப்பிட்டு, "இப்போது உன் முறை" என்று சொல்ல மாட்டார்கள். வட்டத்துக்கு வெளியே நிற்காதீர்கள், தோளோடு தோள் உள்ளே நில்லுங்கள். பாடுபவரின் கடைசி இரண்டு பாரில் ஒரு காலை முன்னே வையுங்கள். அடுத்த பாரின் முதல் தட்டில் உள்ளே போய்விடுங்கள், முதல் சொல் சத்தமாக இருக்கட்டும். பாதியில் மறந்தால் நிறுத்தாமல் எதிரில் தெரிவதைச் சொல்லுங்கள்: மணல், பைக், சுண்டல்காரர். ஒரு போட்டியில், "நீ பல்லவி மட்டும் பாடு, வெர்ஸைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். அன்று ஒத்துக்கொண்டேன். மறுபடி ஒத்துக்கொள்ளமாட்டேன், நீங்களும் வேண்டாம்.

பதிவு செய்யும்போது ஸ்டீல் பீரோ இருக்கும் அறை வேண்டாம், அது கூடவே அதிரும். கட்டில்மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, தலைக்குமேல் கனமான போர்வை. வேர்க்கும், பரவாயில்லை. போனை வாய்க்கு நேரே பிடித்தால் 'ப'கரம் எல்லாம் காற்றாக வெடிக்கும். கன்னத்துப் பக்கம், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இணையத்தில் இலவசம் என்று கிடைக்கும் பீட்டுகள் பலவும் பழகுவதற்கு மட்டும்தான் இலவசம்; காசு வரும் இடத்தில் ஏற்றுவதானால் உரிமம் வாங்க வேண்டும், விவரத்தைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதி வையுங்கள். நான் முதல் நாற்பதுக்கு வைக்கவில்லை, இப்போது எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் திண்டாடுகிறேன். அந்த ஆறாவது பார் மட்டும் தெரியும். யாரோ போனில் பிடித்திருந்தார்கள். 14 வினாடியில் நான் நிற்கிறேன், பிறகு அலைச் சத்தம்.