உயில் எழுதும்போது சாட்சியில் கோட்டை விடாதீர்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலே செல்லும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது, பின்னால் 'இது அவர் கையெழுத்தே இல்லை' என்று கிளம்புபவர்களைச் சமாளிக்க உதவும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது சாட்சிகளால்தான். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63-ன்படி குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். எழுதுபவர் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே நேரில் சொல்லியிருக்க வேண்டும். அவர் முன்னிலையிலேயே தாங்களும் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் அங்கேயே ஓட்டை விழுந்துவிடும். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் ஏறிச் சொல்ல வேண்டும். எனவே 75 வயது நண்பரை விட, உங்களைவிட இளையவராக, உள்ளூரிலேயே இருப்பவராகப் பாருங்கள். சொத்து பெறுபவரோ அவர் கணவன், மனைவியோ சாட்சியாக வேண்டவே வேண்டாம்.

'என் வீடு மூத்தவளுக்கு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். சர்வே எண், கிரயப் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், பரப்பு, நான்கெல்லை எல்லாம் வேண்டும். விட்டுப்போனவை, இனி வாங்கப்போகிறவை யாருக்கு என்றும் ஒரு வரி சேருங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

வங்கியில் நாமினி போட்டாயிற்றே, பிறகு உயில் எதற்கு என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமை உயிலில் சொன்னவருக்கே, உயில் இல்லாவிட்டால் வாரிசுக்கு.

மனம் மாறினால் புதிய உயில் எழுதலாம். முறையாக எழுதிய கடைசி உயில்தான் செல்லும், முந்தையது பதிவானதாக இருந்தாலும். அதனால் தேதி முக்கியம்.