பைபோலாருக்குத் துணை வேண்டுமா? ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். பைபோலார் என்ற பெயரை ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னது 2009-இல். மனம் சில காலம் அளவுக்கு மீறி ஏறி நிற்கும், சில காலம் சோர்ந்து இறங்கிக் கிடக்கும், அந்த நோய்தான் இது. இருமுனைப் பிறழ்வு, இருதுருவ மனநோய் என்று தமிழில் எழுதுவார்கள். ஆஸ்பத்திரி ஓ.பி. (வெளிநோயாளிகள் பிரிவு) வரிசையில் நிற்கிற நாங்கள் பைபோலார் என்றுதான் பேசிக்கொள்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பெயரை இப்போதுதான் கேட்டுவிட்டு, இனி யாரிடம் போய் என்ன சொல்வது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் அப்பா இறந்த பிறகு இரண்டு மாதம் படுத்தே கிடந்தேன். எழுந்து குளிக்கக்கூட முடியவில்லை. ஊரில் ஒரு மருத்துவர் சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரம் எழுந்துவிட்டேன், எழுந்தவன் உட்காரவில்லை. ஐப்பசி மாதம், அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் தூங்கினாலே போதும் என்று இருந்தது. மனைவியின் ஏழு பவுனை அடகு வைத்து, பழைய ஆப்செட் மெஷின் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். அதை வைக்க எனக்கு இடம் கிடையாது. மகன் பிறந்து அப்போது நாலு மாதம்.

இதிலிருந்து முதலில் ஒன்று சொல்லவேண்டும். சோர்வு என்று மருத்துவரிடம் போகும்போது, அதற்கு முன்னால் எப்போதாவது தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக, பேச்சு நிற்காமல், செலவு கட்டுக்கு அடங்காமல் இருந்த நாட்கள் உண்டா என்று யோசித்து, அதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பைபோலார் உள்ளவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலரை அது மறுமுனைக்குத் தள்ளிவிடும். கல்லூரி நாட்களில் எனக்கு அப்படி ஒரு மாதம் வந்து போயிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அப்புறம் துணை. முதல் ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் மறைத்தேன். பிறகு மனம் தாங்காமல் எல்லாரிடமும் சொன்னேன். 2013-இல் மறுபடி ஏறியபோது பார்த்தால், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் திட்டினார், ஒருவர் அழுதார், ஒருவர் மந்திரிக்கக் கூப்பிட்டார். நான் தெளிந்து வந்த பிறகு அக்கா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இந்த நோயெல்லாம் புரியாதுடா. நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு சொல்லு, அதை விடாம செய்றேன்" என்றாள்.

அந்தப் பேச்சிலிருந்துதான் இந்த வழி கிடைத்தது. 'எனக்கு ஆதரவாக இருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் செய்யமுடியாது. ஒரு ஆளிடம் ஒரு வேலையைக் கேளுங்கள். அதையும் நன்றாக இருக்கும் நாட்களில் கேளுங்கள். ஏறி நிற்கும்போது நமக்கு யாரும் தேவையில்லை என்று தோன்றும், இறங்கிக் கிடக்கும்போது கேட்க வாய் வராது.

அக்காவுக்குக் கொடுத்தது தூக்கக் கணக்கு. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். "தம்பி, நேத்து எத்தனை மணிக்குப் படுத்த, எப்ப எந்திரிச்ச?" அவ்வளவுதான், வேறு விசாரிப்பு இல்லை. இரண்டு ராத்திரி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, ஆனாலும் எனக்குக் களைப்பே இல்லை என்றால், என்னைக் கேட்காமலே அவள் மருத்துவரைக் கூப்பிடலாம். இந்த 'களைப்பு இல்லை' என்பதுதான் முக்கியம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்தால் மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். நோய் ஏறும்போது தூக்கம் குறையக் குறைய உடம்பு பறக்கும். இந்த எண்ணிக்கை எனக்குப் பொருந்துவது. உங்களுடையதை உங்கள் பழைய அனுபவத்தைப் பார்த்து மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கை எழுத என்னிடம் தினசரி காலண்டர் இருக்கிறது. காலையில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் மூன்று விஷயம்: தூங்கிய நேரம், மாத்திரை போட்டேனா, மனநிலைக்கு ஒரு எண். சாதாரணமாக இருந்தால் பூஜ்யம், ஏறினால் மேலே மூன்று வரை, இறங்கினால் கீழே மூன்று வரை. மாதம் முடிந்ததும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுவேன். மருத்துவரிடம் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு அந்தக் கட்டுதான் என் பதில். மூன்று வருடத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஐப்பசி கார்த்திகையில்தான் எனக்கு எண் மேலே போகிறது என்று தெரிந்தது. எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு ஆர்டர் குவிந்து, டிசம்பர் வரை இரவும் பகலும் வேலை.

அதனால் அடுத்துக் கேட்டது முதலாளி அண்ணாச்சியிடம். நடுங்கிக்கொண்டுதான் போனேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, எனக்கு ராத்திரி கண் முழிச்சா உடம்புக்கு ஆகாது, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். சீசன்ல காலை ஆறு மணிக்கே வந்திடுறேன், ராத்திரி ஒன்பதுக்கு மேல மட்டும் வேண்டாம்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். வேலை இடத்தில் எவ்வளவு சொல்வது என்பது அவரவர் முடிவு. என் கருத்து, நோயைவிட தேவையைச் சொல்வது நல்லது. ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது.

பணம் மச்சினன் பொறுப்பு. ஐயாயிரத்துக்கு மேல் எந்தச் செலவும், எந்தக் கடனும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகுதான், அதுவும் அவனிடம் சொன்ன பிறகுதான். மனநிலை எண் மேலே இரண்டு என்று வந்துவிட்டால் ஏ.டி.எம். கார்டு, பைக் சாவி இரண்டும் அவனிடம் போய்விடும். போனில் பணம் அனுப்புகிற ஆப்பையும் எடுத்துவிடுவான். வீட்டு நகை மனைவியின் பெயரில் லாக்கரில் இருக்கிறது, எனக்கு அதில் கையெழுத்து கிடையாது. ஆண் என்ற கௌரவம் இதில் குறுக்கே வரும், எனக்கும் வந்தது. ஏழு பவுனை மீட்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

இறங்கிக் கிடக்கும் நாட்களுக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும். தூக்கத்தைக் கவனிக்கிற அதே ஆள் இதற்குச் சரிப்படமாட்டார் என்பது என் அனுபவம். எனக்கு அது பள்ளிக்கூடத்து நண்பன். அவன் "தைரியமா இரு", "கவலைப்படாதே" என்று சொல்லவே மாட்டான். சாயங்காலம் வந்து, "சட்டையப் போடு, டீ குடிச்சிட்டு வருவோம்" என்பான். நான் பேசாவிட்டால் அவனும் பேசமாட்டான். சில நாள் டீக்கடை வரை போகமுடியாமல் தெருமுனையிலேயே திரும்பியிருக்கிறோம். அவனிடம் இன்னொன்றும் சொல்லிவைத்திருக்கிறேன்: நான் ரொம்பக் கீழே போனால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள். கேட்பதால் அது வராது. கேட்டால்தான் இருப்பது வெளியே வரும்.

மனைவிக்குக் காவல் வேலை எதையும் கொடுக்காதீர்கள். மாத்திரை போட்டாயா, தூங்கினாயா, கார்டு எங்கே என்று ஒருத்தியே கேட்டுக்கொண்டிருந்தால் அவள் வார்டனாகிவிடுவாள், வீடு ஆஸ்பத்திரியாகிவிடும். நாங்கள் முதல் நாலு வருடம் அப்படித்தான் கழித்தோம். அவளுக்கும் ஒரு துணை வேண்டும். வேறொரு நோயாளியின் மனைவியோடு அவள் மாதம் இரண்டு தடவையாவது போனில் பேசுவாள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

இனி, இதே நோய் உள்ளவர்கள். அவர்களைப் போல வேறு யாராலும் இருக்கமுடியாது. மதுரைக்கு ஓ.பி.க்குப் போகும்போது மருந்து வாங்குகிற வரிசையில்தான் எனக்கு முதல் ஆள் கிடைத்தார். என்னைப் போலவே ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "லித்தியம் மாத்திரையா?" என்றேன். "உங்களுக்குமா?" என்றார். கை நடுக்கம், தாகம், எடை கூடுவது, ஏறி நின்ற நாட்களை நினைத்து வருகிற வெட்கம், அதே நாட்களை ரகசியமாக ஏங்குவது, இதையெல்லாம் அந்த ஒரு டீயில் பேசினோம். இப்போது நாங்கள் நாலு பேர். உங்களுக்கு இப்படி ஆள் வேண்டுமென்றால் ஓ.பி.யில் உள்ள மனநல சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், சம்மதிக்கிற ஆளோடு அறிமுகம் செய்துவைப்பார். எங்களுக்குள் சில கட்டுப்பாடு உண்டு. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் போடக்கூடாது, அளவு பற்றி யோசனை சொல்லக்கூடாது, கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது. இரண்டு நாள் ஒருவர் போனை எடுக்காவிட்டால் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும்.

மாத்திரை பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், துணைக்கு இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லித்தியம் 1949 முதல் இந்த நோய்க்குப் பயன்பட்டுவருகிற மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே வாங்குகிறேன். அது உதவுகிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் இடைவெளி குறைவு, அதனால் ரத்தத்தில் அளவு பார்க்கவேண்டும். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே தைராய்டு, சிறுநீரகச் சோதனை. கத்திரி வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிரஷருக்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு உப்பைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மூட்டுவலி, தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக், இபுபுரூபன் வாங்கிப் போடாதீர்கள், இரண்டுமே லித்தியம் அளவை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதே நோய்க்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான வால்புரோயேட் போடுகிற பெண்கள் குழந்தை பற்றி யோசிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசவேண்டும், கருவை அது பாதிக்கும். ஆனால் தானாக நிறுத்தக்கூடாது.

அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நேர்த்திக்கடனையும் செய்தோம், மாத்திரையையும் விடவில்லை. கோயிலா ஆஸ்பத்திரியா என்று வீட்டில் சண்டை போட்டு அம்மாவை இழக்காதீர்கள். அவளுக்கு நான் கொடுத்த வேலை, தினம் ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடும் மாத்திரையும் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பது.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இப்படி இருக்கிறது:

"நான் ஏறி இருக்கும்போது என்னோடு வாதாட வேண்டாம். நாலு பேர் முன்னால் 'உனக்கு நோய்' என்று சொல்லவேண்டாம். வீட்டில் ஆட்களைக் குறையுங்கள், விளக்கைக் குறையுங்கள், டி.வி.யை அணையுங்கள். அக்கா சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வருவேன். வர மறுத்தாலும் இந்தக் கையெழுத்தைக் காட்டுங்கள்."

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நமக்காகப் பேச ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம், பிறகு வேண்டுமானால் மாற்றலாம். எனக்கு அக்கா. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. மருத்துவரிடம் கேட்டால் எப்படி என்று சொல்வார்.

தாளின் அடியில் பெரிய எழுத்தில் 14416. இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டார்களும் கூப்பிடலாம். உயிருக்கே ஆபத்து என்றால் 108, இல்லாவிட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், அந்த நேரத்தில் ஆளைத் தனியாக விடக்கூடாது.

யாராவது மறுத்தால் மனம் உடையாதீர்கள். என் அண்ணன், "என்னால முடியாதுடா, எனக்குப் பயமா இருக்கு" என்றான். உள்ளதைச் சொன்னதே நல்லதாயிற்று, அவன் செய்வான் என்று நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தாளில் பெயர் உள்ள எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். தாளை வாசித்து, போன வருடம் எது நடக்கவில்லையோ அதை மாற்றுவோம். இந்தத் தடவை மகனும் வந்து உட்கார்ந்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். எல்லாப் பெயரும் வாசித்து முடிந்ததும், "அப்பா, என் பேரு எங்க?" என்றான். பிள்ளைக்கு அப்பனைக் காவல் காக்கிற வேலை கொடுக்கக்கூடாது என்று நினைத்து அதுவரை விட்டுவைத்திருந்தேன். அக்காதான் யோசித்துச் சொன்னாள். கடைசி வரியில் அவனே எழுதினான்: சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு ஒரு மணி நேரம் கேரம் விளையாடுவது.