துக்க நாட்களில் தேவனுடைய சமூகத்தைத் தேடுவது எப்படி?

அன்பானவரை இழந்தவர்களும் தீராத நோயோடு போராடுகிறவர்களும் அடிக்கடி சொல்வது, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை என்பதுதான். இதை விசுவாசக் குறைவு என்று எண்ணித் தங்களையே நொந்துகொள்ளத் தேவையில்லை. துக்கம் உடலையும் கவனத்தையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. ஆகவே தேவனுடைய சமூகத்தை, அதாவது அவர் அருகில் இருப்பதை, உணர முடியாத நாட்களில், அவர் விலகிப்போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

தேவனைப் பற்றி மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் கேள்விகளை முதலில் அவரிடமே சொல்லத் தொடங்குங்கள். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல், நண்பர்கள் விலகிப்போன துயரத்தோடு அப்படியே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அதைப் பாடியவர் கடைசிவரை கர்த்தரை நோக்கியே பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு அறுந்துபோகவில்லை என்பதே அதை ஜெபமாக்குகிறது. எனவே ஒவ்வொரு ஜெபத்தையும் ஸ்தோத்திரத்தில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடலாம். சொந்த வார்த்தை வராதபோது இத்தகைய சங்கீதம் ஒன்றை வாய்விட்டு மெதுவாக வாசித்து, மனதைத் தொடும் வரியில் நின்று, இழந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப்பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் பெருமூச்சு போதும். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-ஆம் அதிகாரம் கூறுகிறது.

யோவான் 11-ஆம் அதிகாரத்தை இந்த நாட்களில் பொறுமையாக வாசிப்பது மிகுந்த பயன் தரும். லாசரு இறந்த பின் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து, ‘நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான்’ என்ற ஒரே முறையீட்டை இயேசுவிடம் வைக்கிறார்கள். அவர் இருவரையுமே கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாள் அழுவதைக் கண்டபோதோ உள்ளம் கலங்கிக் கண்ணீர் விடுகிறார். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அழுதார் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் பரலோக நம்பிக்கை இருப்பவர்கள் அழக் கூடாது என்று துக்கவீட்டில் சொல்லப்படும் அறிவுரைக்கு அங்கே இடமே இல்லை.

உடலையும் கவனியுங்கள். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்கு, தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும்தான். அவர் சாப்பிட்டு, மறுபடியும் படுத்து, மறுபடியும் சாப்பிட்ட பிறகே ஓரேப் மலைக்குப் பயணம் தொடங்கியது, தேவன் அவரோடு பேசிய மெல்லிய சத்தமும் அங்கேதான் கேட்டது. யாராவது சமைத்துக் கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வதும், தூக்கம் வரும்போது குற்ற உணர்வின்றித் தூங்குவதும் தேவனுடைய பராமரிப்பை ஏற்றுக்கொள்வதே ஆகும்.

தனியாகவே இருந்துவிடாமல், பதில் சொல்ல அவசரப்படாத ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல துணையாகவே இருந்தார்கள். காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் அவருக்குப் பாரமானார்கள். ‘எனக்கு விளக்கம் வேண்டாம், சற்று நேரம் கூட இருந்தால் போதும்’ என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். ஆராதனையில் பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருங்கள்; அந்த நாளில் சபை உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுகிறது.

வாரக்கணக்கில் தூக்கமோ உணவோ இல்லாமல் போனாலும், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும், ஜெபத்தோடு மருத்துவரின் உதவியையும் தாமதமின்றி நாடுங்கள். அந்த எண்ணத்தை அன்றைக்கே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, மருத்துவரிடம் உடன் வரும்படி கேளுங்கள்.